பீரங்கிக்கு எடுத்த அச்சு

பழைய சாமான் தெருவில் அவருக்குச் ‘சத்தியம்’ என்று பெயர். எதைக் கையில் எடுத்தாலும் சத்தியம் செய்வார். ஓடாத கடிகாரத்தைத் தூக்கினால், அது ஒரு கப்பல் தலைவனின் மணிக்கட்டில் இருந்தது என்று தன் இரண்டு கண்கள் மீதும் சத்தியம். துருப்பிடித்த பூட்டைத் தொட்டால், கஜானாப் பூட்டு என்று பெற்ற தாய் மீது சத்தியம். ஏழு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவருடைய சத்தியங்களை வாங்கி வந்து என் வீட்டில் அடுக்கியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை, விரிப்பின் ஓரத்தில் கிடந்த ஒரு சின்னப் பீரங்கியைத் தூக்கிக் காட்டி, இது எந்தக் காலத்தது என்று கேட்டேன். அவர் பின்னந்தலையைச் சொறிந்தார்.

“தெரியல சார். ஒரு வீட்டைக் காலி பண்ணினப்போ வந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்.”

அவர் வாயிலிருந்து ‘தெரியல’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பொய் சொல்லவே தோன்றாத அளவுக்கு இது நிஜமாக இருக்க வேண்டும் என்று என் மூளை கணக்குப் போட்டது. என் மூளை போடும் கணக்குகளைப் பற்றி என் மனைவியிடம் கேட்டால் விவரமாகச் சொல்வாள். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

என் முன்கை அளவு நீளம். ஆறு கிலோ எடை. அழுக்கும் பச்சையும் கறுப்புமாக ஏறிப்போன பித்தளை. வாய்ப்பக்கம் மூன்று வளையங்கள், இரண்டு பக்கமும் வண்டியில் உட்கார வைக்கிற காதுகள், பின்னால் ஒரு குமிழ். குமிழுக்குச் சற்று முன்னே, திரி வைக்கும் சின்னத் துளை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிக்கொண்டார்.

என் மனைவி அச்சகங்களுக்குப் பிழை திருத்துபவள். இருபத்தொரு வருஷமாக என்னையும் திருத்தி வருகிறாள். இன்னும் முதல் படியே முடியவில்லை. பீரங்கியைப் பார்த்ததும் அவள் பின்பக்கத்து அறையின் கதவைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் காட்டும் தொலைநோக்கி, வீட்டு ஃப்ரிட்ஜ் இருக்கும் திசையை மட்டும் காட்டும் திசைகாட்டி, கழுவியதும் அலுமினியமாகிவிட்ட வெள்ளி வாள் என்று எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. நான் அப்படி ஒத்துக்கொண்டதில்லை. ‘இருக்கலாம்’ என்றுதான் ஒவ்வொன்றுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

“போலி செய்றது உங்க தொழில்,” என்றாள். “போலி வாங்குறது பொழுதுபோக்காங்க?”

அது என்னவோ வாஸ்தவம். நான் பல் செட் செய்கிறவன். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறிய அறைகள்தான் என் லேப். நான் செய்த பல்லைப் பார்த்து ‘நல்லா செஞ்சிருக்காரே’ என்று யாராவது சொன்னால், அது சரியாகச் செய்யப்படவில்லை என்று அர்த்தம். நல்ல வேலையென்றால் யார் கண்ணுக்கும் படக் கூடாது. நாள் முழுக்க இப்படி உழைக்கிறவனுக்கு, ஒரு அறை நிறைய, பார்க்கும்படியாக நாலு சாமான் வேண்டியிருந்தது. அந்த ஆசையை அவளும் புரிந்துகொண்டுதான் ஏழு வருஷம் பொறுத்தாள்.

இப்போது பொறுக்க முடியாத காரணம் வந்திருந்தது. ஒரு பதிப்பகம் பெரிய அகராதி ஒன்றைத் திருத்தும் வேலையை அவளுக்குக் கொடுக்க முன்வந்திருந்தது. இரண்டு வருஷ வேலை. அட்டையில் பெயர் வரும். ஆயிரக்கணக்கான துண்டுச் சீட்டுகளைப் பரப்பி வைத்தால், வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். அவளோ இத்தனை காலமும் சாப்பாட்டு மேசையில்தான் வேலை செய்கிறாள். வேளைக்கு வேளை எல்லாவற்றையும் அள்ளிக் கட்டி எடுத்து வைக்க வேண்டும். போன மாதம் நான் தண்ணீர் ஜக்கைச் சாய்த்ததில் ஒரு பள்ளிப் புத்தகத்தின் பதினெட்டுப் பக்கங்கள் குளித்துவிட்டன. மாதக் கடைசிக்குள் சரி, முடியாது என்று ஏதாவது ஒரு பதிலை அவள் சொல்ல வேண்டும். அறை கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் முடியாது.

நான் பிடித்த பிடியை விடவில்லை. இது நிஜம் என்றேன். எத்தனை தடவை, என்றாள் அவள். இந்தத் தடவை நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நிரூபிச்சா அறை உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். முடியலன்னா எனக்கு. ஆனா ஒண்ணு, ‘இருக்கலாம்’, ‘போலிருக்கு’ எல்லாம் செல்லாது. இப்படியா அப்படியான்னு ஒரே சொல்லுல வரணும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லேப்பைத் திறந்து வேலையில் இறங்கினேன். அருங்காட்சியகக் காப்பாளரிடம் திங்கட்கிழமை பார்க்க நேரம் வாங்கியிருந்தேன். அழுக்குச் சாமானை அழுக்கோடு எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? என் கையிலிருந்து பாலிஷ் போடாத ஒரு பல் இதுவரை வெளியே போனதில்லை. மோட்டாரைப் போட்டு, பீரங்கியை மடியில் கிடத்தி, அதன் வாய் என் தொப்புளைப் பார்க்கும்படி அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பஃப் என்கிற துணிச் சக்கரத்தில் காட்டினேன். சூடு தாங்காமல் கையுறை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் புதுத் தங்கப்பல் மாதிரி பளபளத்தது. எனக்கே கண் கூசியது.

காப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவருடைய மேசையில் நூல் கட்டி எண் போட்ட கரண்டிகளும் ஒரு உடைந்த ஜாடியும் இருந்தன. துணியை விலக்கினேன். அவர் பீரங்கியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“யார் இதைத் தேய்ச்சது?”

“நான்தான் மேடம்,” என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

“ஆளோட தோலை உரிச்சுட்டு வயசு என்னன்னு கேக்குறீங்க,” என்றார் அவர், கோபமே இல்லாமல்.

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தப் பச்சையும் கறுப்பும்தான் சாட்சி. அது உலோகத்தோடு வளர்ந்ததா, ஆசிட்டில் வரவழைத்ததா என்பதைப் பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். அரம் பட்ட தடம், வார்ப்பின் தழும்பு, மங்கிய எழுத்து ஏதாவது இருந்திருந்தால் மீதிப் பாதி. எல்லாவற்றையும் நான் தூளாக்கிப் பெருக்கித் தள்ளியிருந்தேன். நான் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

அவர் விடாமல் ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். பத்தொன்பது சென்டிமீட்டரில் நின்றது. வெளியே, வாயிலிருந்து திரித்துளை வரை அளந்தார். இருபத்து நாலு. திரித்துளைக்குள் ஒரு கம்பியைச் செருகினார். அதுவும் ஒரு விரற்கடை போய் முட்டிக்கொண்டது. அவருடைய முகம் மாறியது.

“அஞ்சு சென்டிமீட்டர் குறையுது. ரெண்டுல ஒண்ணு. அலங்காரத்துக்குச் செஞ்சது, அதனால துளையைப் பாதியில விட்டுட்டாங்க. இல்லன்னா, இது நிஜமான பீரங்கி, உள்ள வெடிமருந்தை அடைச்சவங்க சுடாமலே போயிட்டாங்க. நீங்க தேய்ச்சப்போ சூடாச்சா?”

கையுறை போட்டதைச் சொன்னேன். எப்படிப் பிடித்திருந்தேன் என்பதையும் செய்து காட்டினேன். அவர் மெதுவாக எழுந்து பீரங்கியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் தன் நாற்காலியையும் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நானும் என் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன்.

தெரிகிறவரை அது நிரம்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வெடிபொருள் பிரிவுக்குப் போன் செய்தார். அவர்கள், தண்ணீரில் மூழ்க வைத்து அருங்காட்சியகத்திலேயே ஆள் நடமாடாத முற்றத்தில் வையுங்கள், சூடு, இரும்பு, துளைக்கருவி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, அடுத்த மாதம் நடுவில் ஆள் வருவார் என்றார்கள். மாதக் கடைசி எனக்குப் பன்னிரண்டு நாளில் இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினாள்.

“மடியிலயா வெச்சுத் தேய்ச்சீங்க?”

“ஆமா.”

மறுபடி பேனாவைத் திறந்து ஒரு மணி நேரம் திருத்தினாள். பிறகு, திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிராமலே, உள்ளே மருந்து இருந்தால் அது நிஜமான பீரங்கிதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அப்போ அறையை நீங்களே வெச்சுக்குங்க. ஆள் முழுசா வந்தீங்களே, போதும்.”

அப்படிக் கிடைக்கிற அறை எனக்கு வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். பரிதாபப்பட்டுக் கொடுத்தால் அதுவும் ஒரு ‘இருக்கலாம்’தான். இப்படியா அப்படியா என்று நானே கண்டுபிடித்தாக வேண்டும்.

மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். வெளிப்பக்கம் போயே போய்விட்டது. என் சக்கரம் போகாத ஒரே இடம் குழலின் உள்பக்கம். அதற்குள் விளக்கடித்துப் பார்த்தால் இருட்டும் ஈரமும்தான் தெரிந்தன. நாலாம் நாள், ஒரு கிழவரின் கீழ்த்தாடைக்கு டாக்டர் எடுத்து அனுப்பிய அச்சைக் கையில் வைத்திருந்தேன். அந்தக் கிழவரை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பக்கம் மெல்லுவார், எந்தப் பல்லை யார் அவசரமாகப் பிடுங்கினார்கள், ராத்திரி பல்லைக் கடிப்பாரா என்பதெல்லாம் அந்த ரப்பரைப் பார்த்தே சொல்வேன். ஆளைப் பார்க்காமல் வாயை மட்டும் படிக்கிறதுதானே என் பிழைப்பு. பீரங்கிக்கும் வாய் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

காப்பாளரிடம் ஓடி, பல்லுக்கு அச்சு எடுக்கிற ரப்பரால் குழலுக்கும் அச்சு எடுக்கலாம் என்றேன். சூடு கிடையாது, இரும்பு கிடையாது, அழுத்தமும் கிடையாது. கூழாக ஊற்றினால் ஐந்து நிமிஷத்தில் ரப்பராகி, அடியில் என்ன இருக்கிறதோ அதன் முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வரும். அடைத்த துணியென்றால் நூல்நூலாகத் தெரியும். வெறும் உலோகமென்றால் எந்தக் கருவி குடைந்தது என்று தெரியும். அவர் என்னை ஒரு புது ஆளைப் போலப் பார்த்தார். மறுபடி போன் செய்து, ஒரு வாரம் தண்ணீரில் ஊறிய பிறகு ரப்பர் மட்டும் போடலாம் என்று அனுமதி வாங்கினார்.

எட்டாம் நாள், முற்றத்தில் பீரங்கியை வானம் பார்க்க மணல் வாளியில் நட்டோம். தண்ணீரைச் சாய்த்து, துணி சுற்றிய குச்சியால் பக்கங்களை மட்டும் ஒற்றி, வாஸ்லின் தடவினேன். ஊசிக்குழாயோடு நீளமான பிளாஸ்டிக் குழலை மாட்டி, அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வந்தேன். மேலிருந்து ஊற்றினால் அடியில் காற்றுக் குமிழ் சிக்கி அச்சு கெட்டுவிடும். இழுப்பதற்கு நடுவில் ஒரு பருத்திக் கயிறு. ஐந்து நிமிஷம். இழுத்தேன். வரவில்லை. காப்பாளரும் கயிற்றைப் பிடித்தார். வாளிதான் எழுந்து வந்தது.

என்ன பிழை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேல்வரிசைப் பல் செட் வாயில் ஒட்டி நிற்பது உள்ளே காற்று புகாததால்தான். காற்று புகாமல் செய்யத்தான் இருபத்தைந்து வருஷமாக எனக்குச் சம்பளம். ஒட்டியதைக் கழற்றிக் கொடு என்று எவனும் என்னிடம் கேட்டதில்லை. பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழலை நுழைத்துக் காற்றுக்கு வழி விட்டேன். குழல் அடியைத் தொட்டதும் ரப்பர் ஒரு பெருமூச்சோடு மேலே வந்தது.

வெளிர்நீலத்தில் ஒரு நீளத் தண்டு. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணியின் நெசவு இல்லை. கரிப் பொட்டு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. பக்கங்களில் கிராமபோன் தட்டைப் போல நெருக்கமாக, ஒரே அளவில் கோடுகள். நுனி ஒரு சுத்தமான கூம்பு. வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். வாய்ப்பக்கம் முப்பது மில்லிமீட்டர். நடுவில் முப்பது. அடியிலும் முப்பது, அரை மயிரிழைகூட முன்பின் இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த, ஹார்டுவேர் கடையில் வாங்கிய துளை போடும் டிரில் பிட்டின் நுனியைக் கூம்பின் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கூம்பும் ஒரே சரிவு. கூம்பின் ஓரத்தில், ரப்பரில் புதைந்து, ஒரு சுருள் பித்தளைச் சீவல் மின்னியது. குடைந்தவன் உள்ளே ஊதிச் சுத்தம்கூடச் செய்யாமல் போயிருக்கிறான்.

காப்பாளர் என் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அச்சுப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான்.

“மெஷின் வேலை மேடம். மின்சார டிரில்லு. உள்ள எதுவும் இல்ல, என்னைக்குமே இருந்ததில்ல.”

அவர் தண்டை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, மேற்பரப்பு அழிந்துவிட்டதால், ‘காலத்தை உறுதி செய்ய இயலவில்லை’ என்று அலுவலகத் தாளில் எழுதித் தர வழி இருக்கிறது, அது பொய்யாகாது என்றார். பந்தயத்தைப் பற்றி நான் அவரிடம் உளறியிருந்தேன். போலி என்று தீர்ப்பு வராதவரை மனைவி விட்டுக்கொடுத்த அறை என்னிடமே இருக்கும். நல்ல மனுஷி. எனக்கும் ஒரு கணம் நாக்கு ஊறத்தான் செய்தது.

“வேண்டாம் மேடம். இத்தனை கஷ்டப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத் தெரியலன்னு எப்படிச் சொல்றது?”

வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் தாள்கள் பரந்து கிடந்தன. ரப்பர் தண்டை அவற்றின் நடுவில் வைத்து ஆரம்பித்தேன். கோடுகள், கூம்பு, முப்பது, சீவல். மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அப்புறம் அவளுடைய தொழில் புத்தி கிளம்பியது. சந்தேகம் வந்தால் எழுதியவன் பக்கம் பேசிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்குப் பீரங்கியின் பக்கம் பேசினாள். பழைய பீரங்கியைப் பிற்காலத்தில் யாராவது மறுபடி குடைந்திருக்கலாமே என்றாள். அப்படியென்றால் பழைய துளை இதைவிட ஆழமாகப் போயிருக்குமே, அடியில் கூம்புக்குப் பதில் பள்ளம் இருந்திருக்குமே என்றேன். பழைய துளையை அடைத்துவிட்டுக் குடைந்திருந்தால்? அடைப்பும் பித்தளையும் சேரும் இடத்தில் ஒரு வளையம் விழுந்திருக்கும், தலைமுடி அளவு இருந்தாலும் என் ரப்பர் காட்டிக்கொடுத்திருக்கும். திரித்துளை? அது அழகுக்கு வைத்த குழி, உள்ளே போய்ச் சேரவே இல்லை. கம்பியின் அளவைப் படத்தில் வரைந்தே காட்டினேன். அவளிடம் கேள்வி தீர்ந்துபோனது.

“அப்போ?”

“போலி,” என்றேன், மேசையைத் தட்டி.

இருபத்தொரு வருஷத்தில் அவளிடம் நான் ஜெயித்த முதல் வாதம் அது. நெஞ்சு விரிந்து நின்றிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். அவள் பார்வை பின்பக்கத்து அறைப் பக்கம் போய் வந்ததும்தான், எதை ஜெயித்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

“உங்களுக்காகத்தான் இவ்வளவு வாதாடிப் பார்த்தேன்,” என்றாள். “ஒரு ஓட்டை கூட விடலையே நீங்க.”

“ஒரே சொல்லுல வரணும்னியே,” என்றேன்.

அறையைக் காலி செய்ய இரண்டு நாள் ஆயிற்று. வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவற்றை, வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது எனக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. தொலைநோக்கி போலி. திசைகாட்டி போலி. வாளைப் பற்றிப் பேச வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் சத்தமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே பெட்டியில் போட்டேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது. பெட்டியைப் பழைய சாமான் தெருவுக்குக் கொண்டுபோனபோது, இவற்றில் ஒன்றைக்கூடத் தான் விற்றதில்லை என்று ‘சத்தியம்’ சத்தியம் செய்தார். பீரங்கி மட்டும் லேப்பில், காற்றுக்குச் சாத்திக்கொள்ளும் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதற்குத் தேவையான எடை அதனிடம் இருக்கிறது.

மாதக் கடைசி நாளில் அவள் பதிப்பகத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் எனக்குத் தனி அறை இருக்கிறது என்று, அவர்கள் கேட்காமலே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னாள்.

சுவர் முழுக்கப் பலகை அடித்துக் கொடுத்தேன். சீட்டுகள் வரிசை வரிசையாக ஏறின. முதல் நாள் காலை அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலைக்குக் கிளம்பிய நான், ஏதோ சொல்ல வேண்டும் என்று அங்கே போய் நின்றேன். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு தடவை தட்டிப் பார்த்தேன்.

“வேலையா இருக்கேன்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் முன்னே பின்னே கேட்டதில்லை. பதில் சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் வரை வெறுங்காலோடு நடந்தேன்.